மாயக்கதையின் அட்டையில் தோணி எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இளையோருக்கான மிகைபுனைவு (மாயக்கதை) நூல்களின் அட்டைப்படங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். நம்மவர் நூல்களின் அட்டைகள் பொலிவிழந்து கிடக்கின்றன என்று கட்டுரையாளர் வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் கூறும் மருந்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மிகைபுனைவு நூலின் அட்டைக்கு முதல் இலக்கணம் பிரமாண்டம் என்றும், வானளாவிய கோட்டை, சிறகு விரித்த நாகம், மின்னல் தெறிக்கும் வாள் ஆகியவை இருந்தால்தான் இன்றைய பிள்ளைகள் நூலைக் கையில் எடுப்பார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். முப்பத்தொரு ஆண்டுகள் மட்டக்களப்பு மாவட்டத்தின் பொது நூலகங்களில் பணியாற்றி, பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எதை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த முறையில் இதற்கு மாறான சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

என் தங்கையின் மகள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவள் ஒரு மாயக்கதை எழுதினாள். தோணிக்காரர் ஒருவரின் பேத்தி, நிலாக் காலத்தில் வாவியின் அடியிலிருந்து எழும் ஒலியைக் கேட்டு, அதன் பொருளைச் சொல் சொல்லாக அறிந்துகொள்வதும், நீருக்குள் இருப்பவர்களுக்கும் கரையில் இருப்பவர்களுக்கும் இடையே என்றோ முறிந்துபோன ஓர் உடன்பாட்டை அவள் மீட்டெடுப்பதுமே கதை. அதில் போர் இல்லை, அரசன் இல்லை, ஒருவர்கூடச் சாகவில்லை. அச்சுச் செலவு குறைவு என்பதற்காக வெளியூர் அச்சகம் ஒன்றில் கொடுத்தோம். அட்டையையும் தாங்களே செய்து தருவதாகச் சொன்னார்கள். நூல்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியபோது முன்னட்டையில் பனி மூடிய மலையொன்றும், அதன் உச்சியில் ஊசிக் கோபுரங்களுடன் ஒரு கோட்டையும், அடிவாரத்தில் பொன்னிறக் கூந்தல் காற்றில் பறக்க வில்லேந்தி நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணும் இருந்தார்கள். படம் கண்ணைப் பறித்தது என்பதை மறுப்பதற்கில்லை. வெளியீட்டு விழாவில் நயவுரை நிகழ்த்தியவர் நூலைச் சபைக்குத் தூக்கிக் காட்டி அட்டையைத்தான் முதலில் பாராட்டினார். அப்போது ஒன்பது வயதாக இருந்த என் பேரன், கதையை அவனுடைய சின்னம்மாவின் வாயால் முன்னரே கேட்டிருந்தவன், நூலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, தோணி எங்கே?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பிறகு நடந்ததை நூலக மேசையில் இருந்தபடி பார்த்தேன். வாளையும் போரையும் தேடும் பையன்கள் அட்டையைக் கண்டு ஓடிவந்து எடுத்தார்கள். இரண்டாம் நாளே முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள். ஆற்றங்கரைக் கதைகளை விரும்பிக் கேட்கும் பிள்ளைகளோ, இது தங்களுக்குரியதல்ல என்று எண்ணி அதை அலுமாரியிலேயே விட்டுச் சென்றார்கள். வரவேண்டியவர்களை விலக்கி, வந்து ஏமாறக்கூடியவர்களை அழைப்பதற்கு அந்த அட்டை நல்ல விலை கொடுத்துச் செய்யப்பட்டிருந்தது. கலியாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் நாம் தென்னோலைத் தோரணம்தான் கட்டுகிறோம். ஓலையை மடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே, வருகிறவர் எந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்பதை அறிந்து முகத்தைச் சரிசெய்துகொள்கிறார். அட்டையின் வேலையும் அதுவே. தோரணம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மடிப்பு மாறிவிட்டால் வந்தவர் வாசலிலேயே தடுமாறுவார்.

இது நம் ஊர் அச்சகங்களுக்கு மட்டும் உரிய குறையல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் முன்மாதிரியாகக் காட்டும் ஆங்கில நூலுலகிலேயே இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. டோல்கின் எழுதிய ‘த ஹொபிட்’ 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் பலன்டைன் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பாக வந்தபோது, அதன் அட்டையில் ஒரு சிங்கமும், ஈமு பறவைகளும், இளஞ்சிவப்புக் குமிழ்கள் தொங்கும் ஒரு மரமும் வரையப்பட்டிருந்தன. கதையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வரைந்தவர் பார்பரா ரெமிங்டன் என்னும் தேர்ந்த ஓவியர். அவருக்கு நூலைப் படிக்க நேரம் கொடுக்கப்படவில்லை. இந்தச் சிங்கமும் ஈமுக்களும் எதற்கு, இந்த இடம் எது என்று நூலாசிரியர் வியந்து கடிதம் எழுதினார். பின்னைய அச்சுகளில் சிங்கம் மட்டும் நீக்கப்பட்டது. ஈமுக்கள் தப்பிவிட்டன.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் டெரி பிரட்செட்டின் தட்டுலகக் (டிஸ்க்வேர்ல்ட்) கதைகளில் முதலாவதில் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பயணி வருகிறார். கண்ணாடியை அறியாத ஊர்க்காரர்கள் அவரை நான்கு கண்ணர் என்று பேசிக்கொள்கிறார்கள். அட்டையை வரைந்த ஜோஷ் கேர்பி அவருக்கு உண்மையிலேயே நான்கு கண்களை வரைந்துவிட்டார்! முன்னவர் படிக்காமல் வரைந்தார். இவர் சொல்லைப் படித்துக் குறிப்பைத் தவறவிட்டார். ஆனாலும் இரண்டாவது பிழையை நான் மன்னித்துவிடுவேன். நான்கு கண்களும் அந்தக் கதையின் சேட்டைக்குள்ளிருந்து பிறந்தவை. ஈமு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே ‘ஹொபிட்’ நூலின் 1937ஆம் ஆண்டு முதற்பதிப்பின் மேலுறையை நூலாசிரியரே வரைந்தார். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பதிப்பாளர்கள் பணமில்லை என்று சொல்லும் இடத்துக்கெல்லாம் அது விடையாகிறது. இருபுறமும் இருண்ட மரங்கள், நடுவே ஓடிச் செல்லும் பாதை, எதிரே வெண்முடி தரித்த மலைகள், ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலா ஆகியவையே அதில் முக்கியமானவை. கதாநாயகன் முகத்தைக் காட்டவில்லை. சூரியனுக்குச் சிவப்பு வேண்டும் என்று அவர் விரும்பினார். செலவு கூடும் என்று பதிப்பகத்தார் சிவப்பைக் கைவிட்டார்கள். கறுப்பு, பச்சை, நீலம் ஆகிய மைகளும் தாளின் வெண்மையும்தான் எஞ்சின. ஆனால் விளிம்பைச் சுற்றிப் பழைய ரூன் எழுத்துகளால் ஒரு வரி ஓடுகிறது. பொறுமையாக எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அது நூலின் பெயரையும், யாருடைய நினைவுக்குறிப்பிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதையும், பதிப்பகத்தின் பெயரையும்கூடச் சொல்லும். பதிப்பக விபரத்தையே மாயத்தின் ஒரு பகுதியாக்கிவிட்ட அந்தக் குறும்பை நான் மிகவும் ரசிக்கிறேன். அதற்கு ஒரு சதமும் மேலதிகமாகச் செலவாகியிராது.

நமக்கு ரூன் எழுத்து வேண்டியதில்லை. கண்ணகி வழக்குரையும் கூத்துப் பாடல்களும் ஏட்டில் எழுதிக் காக்கப்பட்ட மண் இது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. ஒரு மாயக்கதையின் அட்டை விளிம்பில் புள்ளியில்லாத ஏட்டெழுத்தில் ஒரு வரியை ஓடவிட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை அதை அவிழ்ப்பதற்காகவே நூலை வீட்டுக்குக் கொண்டுபோகும். தமிழே மறைபொருளாக நிற்கக்கூடிய வாய்ப்பு நமக்கு இருக்கும்போது, எவரோ ஒருவருடைய கோட்டைச் சுவரில் நாம் ஏன் தொங்க வேண்டும்?

கட்டுரையாளர் பிரமாண்டம் என்று சொல்வதன் பின்னால், மாயம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. என் அனுபவத்தில், பழகிய இடத்தில் ஒன்றே ஒன்று பிசகியிருப்பதே மாயம். எல்லாமே விநோதமாக இருக்கும் படத்தில் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பார்ப்பவர் வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார். அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, விக்கிரமாதித்தனும் வேதாளமும் கதையின் தலைப்பில் மாதந்தோறும் வந்த ஓவியர் சங்கரின் படம் நினைவிருக்கும். அது அட்டைப்படமன்று, ஆயினும் மாயக்கதைக்கு ஒரு படம் என்ன செய்ய வேண்டும் என்பதை அதைப் பார்த்தே நான் கற்றேன். கையில் வாள், தோளில் பிணம், நடந்துகொண்டிருக்கும் அரசன். சுமை தூக்கி நடப்பது நாம் அன்றாடம் காணும் காட்சி. சுமக்கப்படுவது பேசும் என்பது மட்டுமே பிசகு. அந்தப் பிணம் என்ன கேட்கப் போகிறது என்பதைப் படம் சொல்வதில்லை; அதற்காகவே பக்கத்தைப் புரட்டினோம். இன்றைய அட்டைகள் பலவற்றில் கதையின் முடிவிலே வரும் அரக்கனைக்கூட முன்கூட்டியே பல்லைக் காட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

நம் வாவிக்கே வருகிறேன். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது என்பதை நாட்டில் அறியாதவர் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அதைக் கொண்டே நீரர மகளிரின் இன்னிசையைப் பாடினார். ஆனால் அதைப் படமாக வரைய முற்படுபவர்கள் எல்லோரும் பாதி மீனும் பாதிப் பெண்ணுமான ஓர் உருவத்தை வரைந்து கையில் ஒரு யாழையும் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பதற்குரிய ஒன்றைப் பார்ப்பதற்குரியதாக மாற்றிய மறுகணமே அதன் மாயம் போய்விடுகிறது. உண்மையில் அந்த ஒலியைக் கேட்கும் முறை எப்படிப்பட்டது என்று பாருங்கள். நிலா காலிக்கும் அமைதியான இரவில் தோணியை நடு வாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் ஆழ்த்தி, மறு நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். துடுப்பில் காதை வைத்துக் குனிந்திருக்கும் ஒரு கிழவரை வரைந்தால் போதும். அவர் கேட்பதை நாம் கேட்க முடியாது. அந்தத் தவிப்பை ஆயிரம் கோட்டைகளால் உண்டாக்க முடியுமா? என் தங்கை மகளின் நூலுக்கு இருந்திருக்க வேண்டிய அட்டை இதுதான். கையெழுத்துப் பிரதியின் மூன்றாம் பக்கத்திலேயே அந்தக் காட்சி இருந்தது. மூன்று பக்கம் படித்திருந்தால் போதும் என்பதே என் மனக்குறை.

இப்படிப்பட்ட வடிவங்களுக்கு இந்தக் கரையில் பஞ்சமே இல்லை. பேழைக்குள் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை ஒன்று அலையோடு மிதந்து வந்து கரையேறி, வளர்ந்து அரசியாகிறது என்று ஆடகசவுந்தரியின் கதை சொல்கிறது. நடுக்கடலில் தனியே மிதக்கும் ஒரு மூடிய பெட்டி, வேறு எதுவும் இல்லை. அதற்கு மேல் என்ன அட்டை வேண்டும்? வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கட்டும் கரப்புடுப்பு, மீன் பிடிக்கும் கரப்பைப் போல விரிந்து நிற்கும் அந்த உடுப்பு, ஆளில்லாமல் தனியே களரியில் நின்றால் எப்படியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக் கொம்பும் தென்சேரிக் கொம்பும் ஒன்றையொன்று கொளுவி, எது முறியும் என்று தெரியாமல் இறுகி நிற்கும் கணத்தை நம் ஓவியர் எவரேனும் அட்டைக்கு எடுத்தாண்டிருக்கிறார்களா? இரண்டு குலங்களின் பகையைப் பற்றிய கதைக்கு அதைவிடப் பொருத்தமான சின்னத்தை நான் அறியேன். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயின்ற இளைஞர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து இரண்டு வாரம் அவகாசமும் நியாயமான கூலியும் கொடுப்பதற்கு நமக்கு மனமில்லை. மேடை அலங்காரத்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் தொகையில் பாதி போதும் என்பதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பொன்னிறக் கூந்தல் பெண்ணைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கதையில் அந்தப் பேத்தி கறுத்த நிறத்தவள். வெயிலிலும் உப்பு நீரிலும் வளர்ந்தவள். அவளுடைய நிறத்தை ஆசிரியை இரண்டு இடங்களில் அன்போடு விபரித்திருக்கிறாள். அட்டையோ அவளை வெள்ளையாக்கிவிட்டது. உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீக் கதையின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். முதற்பதிப்பில் ரூத் றொபின்ஸ் அவனை அந்த நிறத்திலேயே வரைந்தார். பிறகு வந்த பதிப்புகள் சிலவற்றின் அட்டையில் அவன் வெளிறிப்போனான். அதற்காக அந்த எழுத்தாளர் பல்லாண்டுகள் பேசியும் எழுதியும் போராட வேண்டியிருந்தது. அங்கே வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்ற வணிகக் கணக்காவது இருந்தது. இங்கே வாங்குபவர், விற்பவர், எழுதியவர், வாசிப்பவர் அனைவரும் மாநிறமும் கறுப்புமாக இருக்க, அட்டையில் மட்டும் எவருக்காக வெள்ளை பூசுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. நூலகத்துக்கு வரும் சிறுமியர் தங்களைப் போன்ற முகத்தை அட்டையில் கண்டால் எப்படி நின்று பார்ப்பார்கள் என்பதை அறிவேன். அப்படி அவர்கள் நின்ற நாள்கள் மிகச் சில.

தலைப்பெழுத்தைக் கட்டுரையாளர் தொடவேயில்லை. ஆங்கில மிகைபுனைவு அட்டைகளில் பெரிய எழுத்துகளை இடைவெளி விட்டு அகலப் பரப்பி, பொன் மெருகிட்டு அடிப்பார்கள். அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே உயரமானவை. ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நிற்கக்கூடியவை. தமிழில் கொம்பும் காலும் மெய்யைச் சேர்ந்தே நிற்க வேண்டும். ‘கொ’ என்பதை இடைவெளி விட்டுப் பரப்பினால் கொம்பு ஒரு திசையிலும் ககரம் ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் கிடக்கும். ணகரத்தின் சுழிகளுக்கு மேல் நிழலும் விளிம்புக்கோடும் பொன்மெருகும் ஏற்றினால் சுழிகள் அடைபட்டு, ஐந்தடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது எந்த எழுத்தென்றே தெரியாது. இன்று நூலைப் பற்றிய முதல் அறிமுகம் வட்ஸ்அப்பில் கட்டைவிரல் நகமளவு படமாகத்தான் வருகிறது. அந்த அளவில் தலைப்பு படிக்க முடியாமற்போனால் அட்டை தோற்றுவிட்டது. போதாக்குறைக்கு, பாமினி என்னும் பழைய எழுத்துருவில் பழகிய கணினிகளில் யூனிகோட் எழுத்தை ஒட்டும்போது கொம்பு முன்பின்னாக மாறி அச்சாகிவிடுவதும் உண்டு. அப்படி அச்சான நூல்கள் எங்கள் நூலகத்திலேயே இருந்தன. பழைய வார இதழ்களின் தொடர்கதைகளுக்கு ஓவியரே தலைப்பையும் கையால் எழுதினார். படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே கை என்பதால் இரண்டும் சண்டையிட்டதில்லை. அந்த வழக்கத்தை மீட்டெடுப்பதற்குத் தூரிகையும் பொறுமையும் இருந்தால் போதும்.

அச்சைப் பற்றிச் சிறிது. கணினித் திரை தானே ஒளிர்வது, தாள் ஒளிர்வதில்லை. திரையில் சுடர்விடும் நீலம், நான்கு மைகளால் தாளில் விழும்போது மங்கியோ ஊதாச் சாயலுடனோ வரும். அச்சில் மைப்புள்ளிகள் சற்றுப் பரவும் என்பதால் இருண்ட பகுதிகள் மேலும் இருளும். மாயக்கதை அட்டைகளில் பெரும்பாலானவை இரவுக் காட்சிகள் என்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கே அதிகம். திரையில் தெரிந்த தோணியும் கண்டல் மரங்களும் தாளில் வெறும் கரியாகிவிடும். ஓவியர் வேண்டுமென்றே சற்று வெளிச்சமாக வரைய வேண்டும். முழு அச்சுக்கு முன் ஒரு பிரதியை அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுப்பது, சாயம்போன புடவையைத் துவைத்தால் நிறம் திரும்பும் என்று நம்புவதற்கு ஒப்பானது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இல்லாத படம் அட்டைக்கு உதவாது.

நூலகத்தில் ஒரு நூல் முன்னட்டையால் அறியப்படுவதில்லை, முதுகால்தான் அறியப்படுகிறது என்பதைப் பதிப்பாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 80 கிராம் தாளில் 160 பக்க நூலொன்றின் முதுகு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர்தான். அதில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் போக, அடியில் நாங்கள் தமிழ் இலக்கியத்தைக் குறிக்கும் 894.811 என்று தொடங்கும் எண்சீட்டை ஒட்டிவிடுவோம். முன்னட்டைக்கு ஒரு மாதம் சிந்தித்தவர்கள் முதுகுக்கு ஒரு நிறத்தை ஊற்றி விட்டுவிடுகிறார்கள். அந்தத் துடுப்பு முதுகு நெடுகிலும் நிமிர்ந்து நின்றிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! இன்னொன்று, எங்கள் மாரிகாலத்தைப் பற்றியது. அட்டையின் வெளிப்பக்கத்தில் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுவதால் ஈரம் உட்பக்கத்தால் ஏறுகிறது. தாள் விரிகிறது, படலம் விரிவதில்லை. கார்த்திகை மார்கழியில் நூல்கள் எல்லாம் வெயில் காயும் முதலையைப் போல வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். தாளின் இழை நூலின் முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்டச் சொன்னால் இது பெருமளவு குறையும். கேட்டால் செய்வார்கள், கேட்பார் இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒரு நிமிடத்தில் அட்டைப்படம் செய்துவிடலாம் என்று சொல்கிறார்கள். அதைக் கட்டுரையாளரும் ஏழை எழுத்தாளனுக்குக் கிடைத்த வரமாகப் போற்றுகிறார். மாயக்கதை அட்டை என்று பொதுப்படக் கேட்டால் அது பெரும்பாலும் தருவது அதே கோட்டை, அதே நீல ஒளி, முதுகைக் காட்டி நிற்கும் அதே அங்கிக்காரன். உலகில் ஏற்கெனவே மிகுதியாக உள்ளதையே அது மிகுதியாக அறிந்திருக்கிறது. மட்டக்களப்புத் தோணியின் முன்முனையான அணியத்தை அது எங்கே பார்த்திருக்கப் போகிறது? தமிழ்த் தலைப்பையும் அதனிடமே கேட்டு, எந்த மொழிக்கும் சொந்தமில்லாத சுழிகளை அச்சேற்றிவிட்ட ஒரு நூலும் என் கைக்கு வந்தது. அந்தச் சுழிகளுக்குக் கீழே ஆசிரியர் பெயர் மட்டும் சரியாக இருந்தது. ஓவியரை வைத்துக்கொள்ள வழியே இல்லாதவர், படமே இல்லாமல் நல்ல கையெழுத்தில் தலைப்பை மட்டும் இட்டு ஒற்றை நிறத்தில் அச்சிடட்டும். அதில் ஒரு மரியாதை உண்டு.

பிரமாண்டத்தின் மீது எனக்குப் பகையில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கடலோர மலையுச்சியில் கோயிலெழுப்பிய குளக்கோட்டனின் கதையை ஒருவர் மாயப்புனைவாக எழுதினால், அட்டை முழுவதும் பாறையும் அலையுமாக எழும்பி நிற்பதை நானே வரவேற்பேன். கதைக்கு உரியதாயின் அட்டைக்கும் உரியது.

தங்கை மகளின் நூலுக்கு நேர்ந்த கடைசி விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் இருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றின் அட்டை கிழிந்துபோனது. வழமைபோல் பழுப்புத் தாளால் உறையிட்டு, தலைப்பை மட்டும் கையால் எழுதி வைத்தேன். ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி அதை இரவல் பெற்றுச் சென்று, திருப்பித் தரும்போது தயங்கித் தயங்கி நீட்டினாள். உறையில் நீலப் பேனையால் ஒரு படம் வரைந்திருந்தாள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கியதற்கு விதிப்படி தண்டம் அறவிட்டிருக்க வேண்டும், அறவிடவில்லை. தோணியில் ஒரு கிழவர் துடுப்பில் காதை வைத்துக் குனிந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி மூச்சையடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். நீரில் முழு நிலா கிடந்தது. வானத்தில் நிலா இல்லை. அவள் அதை வரைய மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிரதி அதன் பிறகு அலுமாரியில் அதிக நாள் தங்கவில்லை. அவள் தன் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோட்டைப் படம் இருந்த மற்றப் பிரதி, நான் ஓய்வுபெற்ற நாளிலும் புத்தம் புதிதாகவே இருந்தது.

நிறைவாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் நூல் மதிப்புரைப் பகுதியில் நூலின் பெயர், ஆசிரியர், வெளியீட்டாளர், பக்க எண்ணிக்கை, விலை ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. அட்டையின் படமும் அச்சாகிறது. அந்தப் படத்தை வரைந்தவரின் பெயர் மட்டும் இருப்பதில்லை. விலைக்கு அடுத்த வரியில் அதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பெயர் இல்லாத நூல்களுக்கு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகர்,
பெரியகல்லாறு.